மீட்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது? புதுவாயல் – கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எரிசக்தித் தணிக்கை

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் இடம் புதுவாயல். வடக்கே கவரைப்பேட்டை, அதைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். தெற்கே செங்குன்றத்து அரிசி ஆலைகள். அத்திப்பட்டு வட சென்னை அனல் மின் நிலையமும், வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்றைக் கொண்ட அனல் மின் நிலையமும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. கரண்ட் உற்பத்தியாகும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இங்குள்ள தொழிற்சாலைக்காரர்கள் கூடினால் முதலில் புலம்புவது ஈ.பி. பில்லைப் பற்றித்தான்.

அந்தப் புலம்பலுக்கு மருந்தாக இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருவது எரிசக்தித் தணிக்கை. ஒரு கட்டடத்துக்குள்ளோ ஆலைக்குள்ளோ நுழையும் மின்சாரம் எங்கெங்கே போகிறது, அதில் எவ்வளவு வேலையாக மாறுகிறது, எவ்வளவு வீணாகிறது, வீணாவதை நிறுத்த என்ன செலவாகும், அந்தச் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்கெடுப்பது. சட்டம் இருக்கிறது, சான்று பெற்ற தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அரசு மானியமும் இருக்கிறது. ஆனாலும் இந்த வட்டாரத்தின் நடுத்தர, சிறு ஆலைகளில் தணிக்கை என்றால் பெரும்பாலும் அலமாரியில் நிற்கும் ஒரு ஸ்பைரல் பைண்டிங் அறிக்கைதான். காரணத்தை நான் ஒரே இடத்தில் பார்க்கிறேன். ஆலை வாசலில் ஈ.பி. மீட்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு உள்ளே மீட்டர் இல்லை. ஃபர்னஸ், கம்ப்ரசர், கூலிங் டவர் பம்ப், அலுவலக ஏ.சி. எல்லாம் சேர்ந்து மாதக் கடைசியில் ஒரே எண்ணாக வருகின்றன. அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எதையும் தணிக்கை செய்ய முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் உலகம் முழுவதும் ஆலைகளில் எரிபொருள் கணக்கெடுப்பது ஒரு தொழிலாகவே உருவானது. இந்தியாவில் 1978-இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் வந்தது. தேசிய உற்பத்தித்திறன் குழுவும் ஆலைகளுக்குப் போய்த் தணிக்கை செய்தது. அப்போதெல்லாம் இது விரும்பியவர்கள் செய்துகொள்ளும் காரியம். 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறியது. 2002 மார்ச் 1 அன்று எரிசக்தித் திறன் பணியகம் செயல்படத் தொடங்கியது. எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர் என்ற இரண்டு சான்றிதழ்களுக்கும் தேசியத் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. புது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்புச் சான்று கொடுக்கும் அதே துறைதான்.

சட்டம் கட்டாயப்படுத்துவது பெரிய நுகர்வோரை மட்டும். 2007 அறிவிக்கையில் இரும்பு எஃகுத் துறைக்கு வைத்த எல்லை ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி. பின்னால் அது இறக்கப்பட்டது. ஒரு டன் எண்ணெய்க்குச் சமம் என்பது 11,630 யூனிட். மாதம் 3,000 டன் உருக்கும் ஓர் ஆலை டன்னுக்கு 650 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 கோடியே 34 லட்சம் யூனிட். எண்ணெய்க் கணக்கில் ஏறத்தாழ 2,000 டன். அதாவது மாதத்துக்குக் கோடிக்கு மேல் கரண்ட் பில் கட்டுகிற ஆலைகூடச் சட்டத்தின் வாசலுக்குப் பக்கத்தில் வருவதில்லை. 2012-இல் தொடங்கிய, இலக்கை மிஞ்சிச் சேமித்தவர் சான்றிதழ் விற்கலாம் என்ற திட்டமும் இவர்களைத் தொடவில்லை; அதன் முதல் சுற்றில் நாடு முழுவதும் 478 நிறுவனங்கள்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் வேறு வழியில் போனது. துறை எதுவானாலும், சிறு நடுத்தர நிறுவனம் என்ற வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு நிறுவனமும் நான்காண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்தாக வேண்டும் என்றது. நம்மூரில் அப்படி ஒரு விதி வந்தால் அறிக்கைகள் பெருகும். பயன் பெருகுமா என்பது சந்தேகம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தணிக்கை தொடங்க வேண்டிய இடம் பில். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கடைசி வரியை மட்டும் பார்க்காமல் முழுப் பில்லையும் படித்தால் போதும். 2022 செப்டம்பர் 10 முதல் அமலான எச்.டி. (உயர் அழுத்த) தொழிற்சாலைக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிறகு விலைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கின்றன. கணக்கின் போக்கு புரிய இந்த எண்கள் போதும். யூனிட் 6 ரூபாய் 75 காசு. அதுவரை கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயாக இருந்த மாத டிமாண்ட் கட்டணம் ஒரே தாண்டலில் 550 ஆனது. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை பீக் ஹவர், யூனிட் கட்டணத்தில் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி.

டிமாண்ட் கட்டணத்தில்தான் பலருக்குப் பணம் கசிகிறது. பதிவான அதிகபட்ச டிமாண்ட், வாங்கி வைத்திருக்கும் டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது கூடுதலோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். 1,000 கே.வி.ஏ. வாங்கி வைத்து, மீட்டரில் 700-க்கு மேல் ஒருபோதும் தொடாத ஆலை 900-க்குப் பணம் கட்டுகிறது. வீணாகும் 200 கே.வி.ஏ.வுக்கு மாதம் 1,10,000 ரூபாய், ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல். ஒரு பல்புகூட எரியாமல் போகிற காசு இது. டிமாண்டைக் குறைத்து எழுதிக்கொடுத்தால் நின்றுவிடும். ஆனால் நாளை ஆர்டர் வந்து கூட்ட வேண்டியிருந்தால் மறுபடி விண்ணப்பம், மேம்பாட்டுக் கட்டணம், காத்திருப்பு. அந்தப் பயத்தில்தான் முதலாளிகள் தொடாமல் விட்டிருக்கிறார்கள், அந்தப் பயம் முழுக்கத் தப்பும் இல்லை. இரண்டு ஆண்டு பில்லையும் அடுத்த ஆண்டு விரிவாக்கத் திட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய முடிவு இது. அறிக்கையில் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டுப் போவது தணிக்கையாளருக்கு அழகல்ல.

பவர் ஃபேக்டர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சராசரி 0.90-க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு 0.01-க்கும் மின் கட்டணத்தில் 1 சதவீதம் அபராதம், 0.85-க்குக் கீழே போனால் 1.5 சதவீதம். அதனால் கெப்பாசிட்டர் பேனல் இல்லாத ஆலையைப் பார்ப்பது அரிது. பேனல் இருக்கும், உள்ளே பாதி கெப்பாசிட்டர் வீங்கிப் போயிருக்கும், கான்டாக்டர் தேய்ந்திருக்கும், ரிலே மேனுவலில் கிடக்கும். அபராதத்தைத் தாண்டி இன்னொரு லாபமும் உண்டு. 500 கிலோவாட் சுமை 0.80-இல் ஓடினால் 625 கே.வி.ஏ., 0.98-இல் ஓடினால் 510. அந்த 115 கே.வி.ஏ.வுக்கு மாதம் 63,000 ரூபாய். ஃபர்னஸ்கள் நிறைந்த ஊரில் ஹார்மோனிக்ஸ் என்ற தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. அதை அளக்காமல் கெப்பாசிட்டரைக் கூட்டிக்கொண்டே போனால் கெப்பாசிட்டர்தான் வெடிக்கும். ஹார்மோனிக்ஸ் அளவை மீறினால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி தனியே இழப்பீடும் உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். டிமாண்டைச் சரிசெய்வது, பீக் ஹவரில் ஃபர்னஸை ஓட்டாமல் இரவுக்குத் தள்ளுவது எல்லாம் காசு மிச்சம். எரிசக்தி மிச்சம் இல்லை. பீக் ஹவர் யூனிட்டுக்கும் இரவு யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 ரூபாய்க்குச் சற்று மேல்; டன்னுக்கு 600 யூனிட் என்றால் 1,200 ரூபாய். பெரிய தொகை, விடக்கூடாது. ஆனால் உருக்கியது அதே 600 யூனிட்டில்தான். பல அறிக்கைகளில் சேமிப்பு என்று காட்டும் தொகையில் பெரும்பங்கு இப்படிப் பில்லிலிருந்து எடுத்த காசு. உலையிலோ மோட்டாரிலோ ஒரு யூனிட்டும் குறைந்திருக்காது. மீதியிருக்கும் அந்தக் கடினமான பாதிக்குத்தான் ஆலைக்குள் போக வேண்டும்.

உள்ளே போவதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துச் செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. பன்னிரண்டு மாத யூனிட்டையும் பன்னிரண்டு மாத உற்பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். உதாரணத்துக்கு, 1,000 டன் ஓடிய மாதம் 7,20,000 யூனிட், 600 டன் ஓடிய மாதம் 4,80,000 யூனிட் என்று இருக்கட்டும். 400 டன் கூடியதற்கு 2,40,000 யூனிட் கூடியிருக்கிறது, டன்னுக்கு 600. அப்படியானால் 600 டன்னுக்கு 3,60,000 யூனிட்தான் ஆகியிருக்க வேண்டும். மிச்சம் 1,20,000 யூனிட் எங்கே போயிற்று? உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் ஆலை மாதாமாதம் சும்மா தின்கிற யூனிட் அது. கூலிங் டவர், நிற்காத பம்ப், கசியும் கம்ப்ரசர், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு, விடியவிடிய எரியும் ஷெட் விளக்கு. 6.75 ரூபாய்க் கணக்கில் மாதம் 8 லட்சத்துக்கு மேல். உண்மையான ஆலையில் புள்ளிகள் இவ்வளவு சுத்தமாக ஒரு கோட்டில் விழாது. சிதறலைப் பார்த்தாலே எந்த மாதம் என்ன கோளாறு என்று மேலும் கேள்வி பிறக்கும். தணிக்கையாளர் யாராவது இந்தக் கணக்கைப் போடாமல் நேராக எல்.இ.டி. விளக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

இந்த வட்டாரத்தின் பெரிய தீனிக்காரன் இண்டக்ஷன் ஃபர்னஸ். ஸ்கிராப்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் உருக்கிப் பில்லட் ஆக்கி, ரோலிங் மில்லுக்கு அனுப்பிக் கம்பியாக்குகிற தொழில். எஃகை 1,600 டிகிரிக்கு மேல் கொண்டுபோக இயற்பியல் கேட்கும் சக்தி டன்னுக்கு 400 யூனிட்டை ஒட்டித்தான். நடைமுறையில் 550 முதல் 700 வரை ஆகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு பங்கு தவிர்க்க முடியாதது. காயிலைக் குளிர்விக்கும் தண்ணீர் எடுத்துப்போகிறது. மறுபங்கு மனிதர் கையில் இருக்கிறது. மண்ணும் துருவும் ஒட்டிய ஸ்கிராப்பைப் போட்டால் ஸ்லாக்கை உருக்கவும் கரண்ட் கட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் அயர்ன் பங்கு கூடினால் யூனிட் கூடும். ஆனால் ஸ்பாஞ்ச் விலை இறங்கிய மாதம் கொள்முதல்காரர் அதைத்தான் வாங்குவார், கரண்ட் கணக்கு அவர் மேசைக்கு வராது. கிரேன் வராமல், லேடில் தயாராகாமல், ஹீட் (ஒரு முறை உருக்கும் தொகுதி) தயாரான பிறகும் உருக்கை ஃபர்னஸிலேயே வைத்துக் காப்பது இன்னொன்று.

அந்தக் காத்திருப்பில் என்ன போகிறது என்று ஒரு கணக்கு. ஃபர்னஸ் வாய் ஒரு மீட்டர் அகலம், உள்ளே 1,600 டிகிரி உருக்கு, மூடி இல்லை. அந்த வெப்பநிலையில் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியே பாய்வது, குறைத்து மதிப்பிட்டாலும் 150 கிலோவாட்டுக்குக் கீழே வராது. அரைமணி நேரம் திறந்தே கிடந்தால் 75 யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டில் முக்கால் பங்கு, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கூரைக்குப் போய்விடுகிறது. மூடி போட்டால் போதும் என்று எல்லா அறிக்கையும் எழுதுகிறது. மூடி வாங்கியும் இருப்பார்கள். அது ஃபர்னஸ் மேடைக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கும். ஏனென்றால் சார்ஜ் போடும்போது ஒவ்வொரு முறையும் அதைத் தள்ள வேண்டும், தள்ள ஆள் வேண்டும், சூட்டில் நிற்பவருக்கு அது இன்னொரு வேலை. கையால் தூக்கும் மூடிக்குப் பதில் ஹைட்ராலிக்கில் சுழலும் மூடி போட்ட இடங்களில்தான் அது உண்மையில் மூடப்படுகிறது. பில்லட்டை ஆறவிட்டு மறுபடி சூடேற்றாமல் சூடாகவே ரோலிங் மில்லுக்கு ஓட்டுவது இதையெல்லாம்விடப் பெரிய சேமிப்பு; ஃபர்னஸும் மில்லும் ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே வேகத்தில் ஓடினால்தான் அது நடக்கும்.

அடுத்தது கம்ப்ரசர். காற்றுக்குக் காசில்லை என்ற நினைப்பில் ஆலைகளில் மிகவும் அலட்சியமாகக் கையாளப்படுவது கம்ப்ரஸ்டு ஏர்தான். கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் வேலையாக மாறுவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மற்றது வெப்பமாகப் போகிறது. அந்த ஐந்தில் ஒன்றும் ஹோஸ் இணைப்பில், வால்வில், யாரோ யூனிஃபார்ம் தூசு தட்டுவதில் போனால்? கசிவைக் கண்டுபிடிக்க வெளியாள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓட்ட வேண்டும். காற்றை உபயோகிக்க யாருமில்லை, ஆகவே லைன் நிரம்பியதும் கம்ப்ரசர் அன்லோடு ஆகி அப்படியே இருக்க வேண்டும். இருக்காது. கொஞ்ச நேரத்தில் குரல் மாறும். மீண்டும் லோடு எடுக்கும். கைக்கடிகாரத்தில் பார்த்து 40 நொடி லோடு, 80 நொடி அன்லோடு என்று வந்தால், 120-இல் 40, மூன்றில் ஒரு பங்கு காற்று கசிகிறது என்று அர்த்தம். 90 கிலோவாட் கம்ப்ரசராக இருந்தால் கசிவின் பங்கு ஏறக்குறைய 30 கிலோவாட். ஆண்டுக்கு 8,000 மணி நேரத்தில் 2,40,000 யூனிட், 16 லட்சம் ரூபாய். சோப்புத் தண்ணீரும் இரண்டு ஹெல்ப்பரும் இருந்தால் ஒரு வாரத்தில் பாதியை அடைத்துவிடலாம். ஆறு மாதத்தில் திரும்ப வரும், திரும்ப அடைக்க வேண்டும். பிரஷரை ஒரு பார் இறக்கினாலே 6, 7 சதவீதம் குறையும். கோடையில் கம்ப்ரசர் அறை அனலாகக் கொதிக்கும்போது வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை டக்ட் வழியாகக் கொடுத்தாலும் பலன் உண்டு; உள்ளே போகும் காற்றின் சூடு 4 டிகிரி ஏறினால் 1 சதவீதம் மின்சாரம் கூடுகிறது என்பது பழைய கணக்கு.

மோட்டார்களைப் பற்றிச் சுருக்கமாக. 15 கிலோவாட் மோட்டார் ஆண்டுக்கு 6,000 மணி ஓடினால் ஒரு லட்சம் யூனிட் தின்னும், ஆறே முக்கால் லட்சம் ரூபாய். மோட்டார் விலை அதில் சின்னப் பங்கு. இருந்தும் எரிந்துபோன மோட்டாரை மூன்றாவது நான்காவது முறையாக ரீவைண்டிங் கடைக்கு அனுப்புகிறோம். புது மோட்டார் வாங்க முதலாளி கையெழுத்து வேண்டும், ரீவைண்டிங்குக்கு ஃபோர்மேன் போதும் என்பதுதான் காரணம். ஃபேனுக்கும் பம்புக்கும் வால்வைத் திருகிக் கட்டுப்படுத்துவதை விட்டு வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் வேகத்தின் மும்மடி விகிதத்தில் இறங்கும். 80 சதவீத வேகத்தில் பாதி மின்சாரம் போதும். ஆனால் எப்போதும் முழுச் சுமையில் ஓடும் பம்புக்கு வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் போடுவது வீண் செலவு, டிரைவே 2, 3 சதவீதம் தின்னும். இந்தத் தவறான சிபாரிசு அறிக்கைகளில் வேண்டுமளவு வருகிறது.

நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பெருகிவிட்ட கிடங்குகள், பொறியியல் கல்லூரிகள், கல்யாண மண்டபங்கள், மருத்துவமனைகள் வேறு உலகம். ஆலைக்கு டன் என்ற அளவுகோல் இருக்கிறது, கட்டடத்துக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதுதான் அளவுகோல். இரவு பகல் ஓடும் மருத்துவமனையையும் நாலு மணிக்குப் பூட்டும் கல்லூரியையும் அதில் ஒப்பிடக்கூடாது. 2007-இல் வந்த கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு பெரிய சுமை உள்ள புதிய வணிகக் கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. நம் வட்டாரத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த விதியைக் கேள்விப்படாமலே எழுந்தவை. 2015-இல் உஜாலா திட்டம் வந்த பிறகு எல்.இ.டி. விலை சரிந்து, விளக்கு மாற்றும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது கூரை, விசிறி, ஏ.சி., தண்ணீர் மோட்டார். 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி, விடுதிகளில் உடனே பலன் தரும். நாளெல்லாம் ஓடுகிற விசிறி அது. கல்யாண மண்டபத்தில் தராது, மாதத்தில் பாதி நாள் மண்டபம் பூட்டியிருக்கிறது. ஏ.சி.யை 24 டிகிரிக்கு மேல் வைத்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் 6 சதவீதம் மிச்சம் என்கிறது பணியகம். 2020 முதல் புது ஏ.சி.க்கள் 24-இல்தான் தொடங்குகின்றன. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது தனிக் கதை. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக் கிடங்குகளில் வெள்ளைப் பூச்சு அடிப்பதுதான் செலவைவிடப் பலன் அதிகம் தரும் வேலை என்பது என் கருத்து. சித்திரை வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே நின்று மூட்டை அடுக்குகிறவருக்கும் அது நல்லது.

தணிக்கையைச் செய்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பவர் அனலைசரை ஒவ்வொரு ஃபீடரிலும் மாட்டி, வாரக்கணக்கில் பதிவெடுத்து, வெப்பக் கேமராவால் பேனல்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கேமரா, கரண்ட் மிச்சத்தோடு தளர்ந்த லக் எரியப்போவதையும் காட்டிக்கொடுக்கும். ஒரு ஷட்டவுன் தப்பினாலே அவர்கள் ஃபீஸ் வந்துவிடும். மறுபக்கம், மெஷின் பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட்டை எழுதிக்கொண்டு, ஓடும் மணியை சூப்பர்வைசரிடம் கேட்டுப் பெருக்கி, போன ஆலையின் அறிக்கையில் பெயரை மாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது வகை இலவசத் தணிக்கை. கெப்பாசிட்டரோ டிரைவோ விற்கிறவர் வந்து இலவசமாக அளப்பார். முடிவில் ஆலைக்குத் தேவைப்படுவது அவர் விற்கும் பொருளாகவே இருக்கும். அறிக்கையில் எல்லாச் சேமிப்பையும் கூட்டிப் பார்த்தால் சில நேரம் பில்லையே தாண்டிவிடும். மோட்டாரை மாற்றிய பிறகு டிரைவ் தரும் சேமிப்பு குறையும் என்பதை யாரும் கழிப்பதில்லை. இதனால்தான் கட்டாய விதி வந்தால் பயன் கிடைக்குமா என்று சந்தேகப்பட்டேன். உள்ளே மீட்டர் இல்லாத ஆலையில் கட்டாயத் தணிக்கை முதல் வகையைவிட இரண்டாம் வகையைத்தான் வளர்க்கும்.

தமிழ்நாட்டு அரசு சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறை வழியாகத் தணிக்கைச் செலவில் ஒரு பங்கையும், சிபாரிசுப்படி மாற்றும் இயந்திரத்தின் விலையில் ஒரு பங்கையும் திருப்பித் தருகிறது. 2025-இல் மத்திய அரசு இதே நோக்கில் வட்டி மானியத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. நல்லவைதான். ஆனால் எரிசக்தி என்று சொன்னதும் இந்தப் பகுதி முதலாளிகளின் புத்தி வேறு பக்கம் போகிறது. அதற்கு வரலாறு உண்டு. 2008 நவம்பரில் எச்.டி. ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது; ஏதோ ஒரு வடிவத்தில் கட்டுப்பாடு 2015 வரை நீடித்தது. டீசல் ஜெனரேட்டர் யூனிட் ஈ.பி. யூனிட்டைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு விலை. கிடைக்கிற கரண்டை எங்கிருந்தாவது வாங்க வேண்டும் என்ற பதற்றம் அப்போது பழக்கமானது. காற்றாலையில் பங்கு வாங்குவது, 26 சதவீத உரிமையும் 51 சதவீத நுகர்வும் இருந்தால் சொந்த உற்பத்தி என்று கணக்காகும் விதியைப் பயன்படுத்திக் கூட்டாக மின்சாரம் கொண்டுவருவது, இப்போது கூரையில் சோலார். எல்லாம் யூனிட் விலையைக் குறைக்கும் வழி. யூனிட் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி அந்தப் பட்டியலில் கடைசியில் இருக்கிறது. காற்றாலைப் பங்கை ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிக்கலாம். கம்ப்ரசர் கசிவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆலைக்குப் போக வேண்டும். சோலார் போட்ட பிறகு, அது பகல் கரண்ட்தானே என்று பகலில் ஏ.சி. கூடுதலாக ஓடுவதையும் பார்க்கலாம்.

இதில் இன்னொரு முடிச்சு தொழிலாளர் பக்கம் இருக்கிறது. பல ஃபர்னஸ்களில் மெல்ட்டிங் வேலை டன் கணக்கில் கான்ட்ராக்ட். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவருக்கு யூனிட் எவ்வளவு ஆனாலென்ன? சீக்கிரம் உருக்கினால் போதும். மேடையில் நிற்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். தணிக்கை அறிக்கை ஆங்கிலத்தில், சுவரில் மாட்டிய சிக்கன அறிவுரை தமிழில், மூடியைத் தள்ள வேண்டியவர் படிப்பது ஒடியாவில். கான்ட்ராக்டில் டன் விலையோடு டன்னுக்கு இத்தனை யூனிட் என்ற வரம்பும் வைத்து, அதற்குக் கீழே இறங்கிய யூனிட்டில் ஒரு பங்கைக் குழுவுக்கே கொடுத்தால் அறிவுரைப் பலகையே தேவைப்படாது. அதற்கும் ஃபர்னஸுக்கென்று தனி மீட்டர் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஹீட்டுக்கும் யூனிட்டை எழுத வேண்டும். ஒரு டிஜிட்டல் சப் மீட்டர் சில ஆயிரம் ரூபாய், சி.டி.யும் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வயரிங்கும் சேர்த்தாலும் ஆலை முழுக்க பத்துப் பன்னிரண்டு இடத்தில் மாட்ட ஆகும் செலவு, மேலே சொன்ன கம்ப்ரசர் கசிவின் இரண்டு மூன்று மாதக் காசுக்குள் அடங்கும்.

விநியோகம் செய்பவருக்கும் இதே பாடம் வந்திருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி மின் விநியோக நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை தங்கள் எரிசக்திக் கணக்கையும், ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையையும் வெளியிட வேண்டும். ஃபீடருக்கு மீட்டர், டிரான்ஸ்ஃபார்மருக்கு மீட்டர் என்று அங்கும் சண்டை உள் மீட்டரைப் பற்றியதுதான்.

கடைசியாக, ஒப்பீடு. தன் ஆலையின் டன்னுக்கு 640 யூனிட் நல்லதா கெட்டதா என்று ஒரு முதலாளிக்கு எப்படித் தெரியும்? அடுத்த தெருவில் இதே அளவு ஃபர்னஸ் 590-இல் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் தெரியும். ஆனால் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் மூலப்பொருளுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட். யூனிட்டைச் சொன்னால் கம்பி வாங்குகிறவர் அடக்க விலையைக் கணக்குப் போட்டுவிடுவார், போட்டிக்காரரும் போட்டுவிடுவார். சிப்காட்டின் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று, ஆலைப் பெயர் இல்லாமல், ஃபர்னஸ் அளவும் ஸ்பாஞ்ச் பங்கும் டன்னுக்கான யூனிட்டும் மட்டும் மாதாமாதம் வாங்கிப் பட்டியலிட்டால் அந்தத் தயக்கம் தீரும். ஒவ்வொருவரும் தன் இடத்தை அதில் தானே பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் சான்று பெற்ற தணிக்கையாளர்கூட வேண்டாம், ரகசியம் காக்கிற ஒரு கணக்காளர் போதும்.